நாற்பது எழுத்துக் காரணம்

நேர்காணல் தொடங்க ஆறு நிமிடம் இருந்தபோது மனைவி கதவைப் பாதி திறந்து தலையை நீட்டினாள்.

“நல்லாப் பேசுங்க. வாயை மட்டும் கொஞ்சம் கட்டிப் போடுங்க.”

“பேசணுமா, கட்டணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லு.”

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏழு மாதமாக வேலையில்லாத புருஷனிடம் பேச்சு வளர்த்தால் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

பழைய அலுவலகத்தில் அவனுக்கு ‘நாப்பது’ என்று பெயர். வைத்தவர் அவனுடைய அக்கா புருஷன். அந்த அலுவலகத்தின் முதலாளியும் அவரேதான். பெயர் வந்த கதையைச் சொல்லாவிட்டால் மீதிக் கதை விளங்காது.

வீடியோ கூட்டத்தில் நேர்காணல் நடக்கும்போது திரையின் வலது ஓரத்தில் ஒல்லியாக ஒரு சைடு பேனல் திறக்கும். கேள்வி கேட்கிறவர்கள் கண்ணுக்குத்தான் அது தெரியும். பதில் சொல்கிறவனுக்குத் தெரியாது. கேட்க வேண்டிய கேள்விகள் மேலே, குறிப்பு எழுதும் இடம் நடுவில், அடியில் இரண்டு பொத்தான்கள். பச்சை என்றால் எடுத்துக்கொள்ளலாம், சிவப்பு என்றால் வேண்டாம். அதை நிரலின் முதல் வரியிலிருந்து கட்டியவன் அவன். அடுத்தவர் வீட்டு மாடியில் குடியிருப்பது போன்ற பிழைப்பு அது. அந்த வீடியோ கூட்டச் செயலியை நடத்தும் பெரிய நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் பூட்டை மாற்றிவிடும். பேனல் வெள்ளைவெளேர் என்று நிற்கும். எங்கோ நாலு பேர் பேந்தப் பேந்த விழிப்பார்கள். இவன் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்து சரிசெய்வான். நான்கு வருடம் அப்படி ஓடினான்.

நடுவில், பேனலை விற்றுத் தருகிறேன் என்று வந்து சேர்ந்தார் அத்தான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். இரண்டே வருடத்தில் அவர் முதலாளி, இவன் சம்பளக்காரன்.

பேனலில் இவன் ஒரு விதி வைத்திருந்தான். பச்சையை அழுத்தினால் வேலை முடிந்தது. சிவப்பை அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும், நாற்பது எழுத்துக்குக் குறையாமல் காரணம் எழுதினால்தான் அது மூடும்.

“ஒரு மனுஷனை வேண்டாம்னு அனுப்பறாங்க. நாப்பது எழுத்து எழுதக் கை வலிக்குதாமா?” என்பான் இவன்.

“இதை வாங்கறது அவங்க, மாப்ளே. வேலை தேடி வர்றவன் இல்ல,” என்பார் அத்தான்.

இந்தச் சண்டை வாரத்துக்கு ஒரு முறை நடந்தது. கடைசியில் ஒரு நாள் காலைக் கூட்டத்தில், இருபது பேருக்கு முன்னால், “ஒரு வரி உருப்படியா எழுதத் தெரியாத ஆளு நீங்க, உங்களுக்கு எங்கே இது புரியப்போகுது?” என்று கேட்டுவிட்டான். அன்று சாயங்காலமே அத்தான் அவனை வெளியே அனுப்பினார். காரணம் ஏதும் எழுதவில்லை.

அதன்பிறகு ஏழு இடத்தில் நேர்காணல். ஏழிலும் இல்லை என்றார்கள், ஏன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. போன வாரம் அக்கா மூலமாக அத்தானின் சேதி வந்தது. திங்கட்கிழமைக்குள் வந்து, அதே காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால், புகார் போன் எடுக்கிற இடத்தில் ஒரு நாற்காலி உண்டு.

“அந்த நாற்காலில உக்கார்றதுக்குப் பதிலா நான் தெருவுல நிப்பேன்,” என்று அவன் குதித்தான்.

“நீங்க மட்டுமா நிப்பீங்க? நாங்களும்தானே நிக்கணும்,” என்றாள் மனைவி.

இன்று வெள்ளிக்கிழமை. இது எட்டாவது நேர்காணல். இது கிடைத்தால் தப்பித்தான்.

திரையில் இரண்டு முகங்கள் வந்தன. ஒருவர் தலைமைப் பொறியாளர், ஐம்பது வயதுப் பெண்மணி. சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிற முகம். இன்னொருவர் ஆள் சேர்ப்பவர். எதற்கும் தலையாட்டுவதே அவர் வேலை போலிருந்தது.

“நாங்க பக்கத்துல குறிப்பு எடுத்துக்குவோம். பார்வை அங்கே போனாலும் காது உங்ககிட்டதான் இருக்கும்,” என்றார் அந்த அம்மாள்.

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவன் எழுதிய வாக்கியம். எந்த நேர்காணலையும் அதைப் படித்துக் காட்டித்தான் தொடங்க வேண்டும் என்று பேனலில் வைத்தவனே அவன். ஆக, இவர்கள் பக்கத்தில் திறந்திருப்பது அவன் பெற்ற பிள்ளை. ஏழு மாதமாக அவன் அதன் முகத்தில் விழிக்கவில்லை, துரோகி வீட்டு வாசலை மிதிப்பேனா என்ற வீம்பு. இருந்தாலும் பெற்றவனுக்குப் பிள்ளையின் அங்க அடையாளம் மறக்குமா?

அவர் கண்கள் மேலே போனால் அடுத்த கேள்வி. நடுவே நின்றால் குறிப்பு. அடிவரைக்கும் இறங்கினால் பொத்தான். அவருக்கு வலப்பக்கம் இருப்பது அவன் திரையில் இடப்பக்கமாகத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

“கூட்டத்துல ஒருத்தருக்கு நடுவுல இணைப்பு அறுந்துபோகுது. திரும்பி வர்றார். பேனல் அவருக்கு முதல்ல எதைக் காட்டணும்?” என்று அவர் கேட்டார்.

இதற்கெல்லாம் அவன் யோசிக்க வேண்டியதில்லை. “அவர் பாதியில விட்ட வரியை, மேடம். அவர் இல்லாதப்ப மத்தவங்க என்ன பண்ணாங்கன்னு அப்புறம் காட்டலாம். ‘நாம எழுதினது போச்சோ’ன்னு பதறிக்கிட்டுதான் அவர் உள்ள வருவார். முதல்ல அந்தப் பதற்றத்தைத் தணிக்கணும்.”

அந்த அம்மாள் ஒரு நொடி அவனையே பார்த்தார். பிறகு கண்கள் இடப்பக்கம் போயின, இறங்கின, அடியில் நின்றன. உடனே கீபோர்டு சத்தம் கேட்டது. டக்டக் என்று, நிற்காமல்.

எழுதுகிறார். பச்சைக்கு எழுத வேண்டியதில்லை. சிவப்புக்குத்தான் எழுத வேண்டும்.

இந்தப் பதிலுக்கா சிவப்பு? இதைவிடச் சரியான பதிலை உலகத்தில் எவன் சொல்லிவிடுவான்? சத்தம் நிற்கவில்லை. நாற்பது எழுத்து எப்போதோ தாண்டிவிட்டது. இத்தனை எழுத இவன் மேல் இவருக்கு என்ன பகை? இவருக்கு இருக்காது. பகை உள்ளவர் ஒருவர்தான்.

“என் அக்கா புருஷன் உங்களுக்குப் போன் பண்ணினாரா?” என்றான்.

சத்தம் நின்றது. “யாரு?”

“நடிக்காதீங்க மேடம். பதினஞ்சு நிமிஷத்துல சிவப்பை அழுத்திட்டு, கேள்வி கேக்கற மாதிரி என்ன கூத்து இது? அந்தப் பேனலைக் கட்டினவனே நான்தான். உங்க கண்ணு எங்கே போகுதுன்னு எனக்குத் தெரியும். அவர் சொல்லச் சொல்ல எழுதறதுக்கு நீங்க எதுக்கு? ஒரு குமாஸ்தா போதுமே!”

ஆள் சேர்ப்பவர் முதல் தடவையாகத் தலையாட்டுவதை நிறுத்தினார். அந்த அம்மாளின் முகம் மெல்ல இறுகியது.

“நீங்க கட்டினதா இது?”

“ஆமா. வேண்டாம்னு சொன்னாத்தான் காரணம் எழுதணும். அது என் விதி.”

“அப்படி ஒண்ணும் இதுல இல்லையே,” என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது. “வேண்டாம்னா ஒரு தட்டு, முடிஞ்சுது. ஒருத்தரை எடுக்கணும்னாத்தான் பெட்டி திறக்குது. எதுக்கு எடுக்கறோம்னு மேலிடத்துக்கு எழுதிக் குடுக்கணுமாம். நான் பச்சையை அழுத்திட்டுத்தான் எழுதிக்கிட்டிருந்தேன்.”

விதியைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறார் அத்தான். வாங்குகிறவனுக்கு எது வசதியோ அது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“படிக்கவா?” என்று கேட்டுவிட்டு, அவன் பதிலுக்குக் காத்திராமல் அந்த அம்மாள் படித்தார். “‘இணைப்பு அறுந்தவனோட பதற்றத்தை முதல்ல யோசிக்கிற ஆள். இவரை விட்டுடக் கூடாது.’ இன்னும் ஒரு வரி எழுதணும்னு இருந்தேன்.”

“மேடம், நான்...”

“நாளைக்கு எங்க ஆபீஸ்ல யாராவது கீபோர்டைத் தட்டினா, உங்களைப் பத்தித்தான்னு சண்டைக்கு நிப்பீங்க. என் ஆளுங்க நிம்மதியா வேலை பாக்கணும்.”

கண்கள் இடப்பக்கம் இறங்கின. ஒரே ஒரு சொடுக்கு கேட்டது. அதன்பின் கீபோர்டு சத்தம் எதுவும் கேட்கவில்லை. இரண்டு முகங்களும் மறைந்தன.

திரையில் அவன் முகம் மட்டும் மிஞ்சியது. மனைவி கதவைத் திறந்தாள். அவன் கத்தியது கூடம்வரை கேட்டிருக்கும். ஆனாலும் அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“இவங்களாவது காரணம் சொன்னாங்களா?”

“சொன்னாங்க,” என்றான்.

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினான்.

“போனைக் குடு. அக்காகிட்ட பேசணும்.”