கடலூர்க்காரர்கள் உட்கார்ந்த பந்தி

தாலி கட்டி முடிந்தபோது மணி எட்டு பத்து.

பூவிழி அட்சதையைப் போட்டுவிட்டு, மணமக்களைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள். மண்டபம் அவளுடையது. நாலு மின்விசிறி ஓடவில்லை. மணமகள் அறையில் ஏ.சி. இருந்த இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை, அதன்மேல் ஒரு காலண்டர். அந்த ஏ.சி. போன வருடம் கோல்கீப்பரின் சம்பளமாகப் போனது. மணமகன் அறை ஏ.சி. அதற்கு முன்பே பூட்சுகளாகிவிட்டது.

பொம்மிடியில் ஒரு கால்பந்து கிளப் இருக்கிறது, அது மாநில இரண்டாம் டிவிஷனில் ஆடுகிறது என்றால் பொம்மிடிக்காரர்களே நம்புவதில்லை. கிளப்பின் முதலாளி கலைவாணன், பூவிழியின் கணவன். தக்காளி வாங்கி வரச் சொன்னால் மறந்துவிட்டு வருகிற ஆள். அப்படிப்பட்டவன் ஒருநாள் சேலத்துக்கு மேட்ச் பார்க்கப் போய் கிளப்பையே வாங்கிக்கொண்டு வந்தான். வத்தல்மலை எஃப்.சி. என்று பெயர் வைத்தான். அன்றிலிருந்து மண்டபம் சம்பாதிக்கும், கிளப் தின்னும். புல்லுக்கு டேங்கர் தண்ணீர். நடுவருக்குப் படி. மைதானத்து வாசலில் ஓர் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும், அதற்கு வாடகை. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகாவிட்டாலும் வாடகை. இதற்குள் கல்யாண வீட்டார் ஏ.சி. இருக்கிற கடத்தூர் மண்டபத்துக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள்.

ஆட்டக்காரர்களுக்கு மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. மண்டபத்திலேயே படுத்தார்கள், மண்டபத்திலேயே சாப்பிட்டார்கள், முகூர்த்த நாளில் பந்தி பரிமாறினார்கள். அதை நன்றாகவே செய்தார்கள். வாளியோடு வரிசைக்குள் வளைந்து போவதும், பக்கத்து ஆள் எங்கே நிற்கிறான் என்று பார்க்காமலே தெரிந்து கரண்டியை நீட்டுவதும் பார்க்க அழகாக இருக்கும். இதில் பாதியை மைதானத்தில் காட்டக்கூடாதா என்று பூவிழி நினைப்பாள்.

சித்திரையில் ஒருநாள், சமையல்காரர் மாதுவைச் சாட்சியாக வைத்து அவள் கலைவாணனிடம் வாக்கு வாங்கினாள்.

"இந்த வருசம் டிவிசன் எறங்குனா கிளப்ப மூடிடணும்."

"மூடிடறேன். கற்பூரம் வேணா அடிக்கட்டுமா?"

"கற்பூரம் செலவு. மாதண்ணன் கேட்டுக்கிட்டாரு, போதும்."

இன்று கடைசி மேட்ச். ஜெயித்தால் டிவிஷனில் இருக்கலாம். டிரா ஆனால்கூட இறங்க வேண்டியதுதான். எதிரி கடலூர் அணி. பட்டியலில் இரண்டாவது இடம். முதல் தடவை மோதியபோது வத்தல்மலைக்கு ஆறு கோல் போட்டவர்கள். திங்கட்கிழமை வந்து அளவெடுக்கச் சொல்லி ஏ.சி. கடைக்காரரிடம் பூவிழி பேசி முடித்துவிட்டாள்.

ஆனால் கலைவாணன் காலையிலிருந்து சிரித்த முகமாக இருந்தான். அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. சமையல்கட்டில் புதிதாக இரண்டு டின் நெய் வேறு இருந்தது.

"யாரு வாங்குனது?"

"நாந்தான். சென்னப்பண்ணன் பொண்ணு கல்யாணம். ஒப்பட்டுக்கு நம்ம அன்பளிப்பு."

"டேங்கர்காரனுக்குக் குடுக்கக் காசில்ல."

"அவன் நெய் கேக்கலயே" என்றான் கலைவாணன்.

மேட்ச் மூன்றரைக்கு. கடலூர் பஸ் ஒரு மணிக்கே மண்டபத்து வாசலில் வந்து நின்றது. மைதானத்தில் உடை மாற்ற இடம் கிடையாது, வருகிற அணிக்கு மண்டபத்து மாடிதான். நீலச் சட்டை போட்ட பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். காலை ஏழு மணிக்கே கிளம்பியவர்கள். ஊத்தங்கரையில் ஆளுக்கொரு பன்னும் வாழைப்பழமும் சாப்பிட்டிருந்தார்கள். வெயிலில் முகம் சுருங்கி நின்றார்கள். உள்ளேயிருந்து வடை வாசனை வந்தது. ஒரே நேரத்தில் எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது.

பூவிழியால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"கை கழுவுங்க தம்பி. மொதல்ல சாப்புடுங்க."

"வேணாங்கக்கா" என்றார் கடலூர்க் கோச். "மேட்ச் இருக்கு. வயிறு லேசா இருக்கணும்."

"மூனரைக்குத்தான? ரெண்டு வாய் சாப்புட்டா வயிறு கனத்துடுமா? கல்யாண வூட்டுக்கு வந்துட்டு வெறும் வயித்தோட மாடி ஏறுனா எனக்குத்தான் கேவலம்."

கோச் பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகள் ஏற்கெனவே கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வாயோடு முடிந்திருக்கும். ஆனால் பெண்ணின் அப்பா சென்னப்பன் அவர்களைப் பார்த்துவிட்டார். ஒரே மாதிரி சட்டை போட்ட பதினெட்டுப் பேர். பெண் வீட்டில் அப்படி யாரும் இல்லை. அப்படியென்றால் மாப்பிள்ளையின் கூட்டாளிகள். மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே காலையில் பொங்கல் ஆறிப்போயிருந்தது என்று சொல்லியிருந்தார்கள். சென்னப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வரிசைக்குப் பின்னால் போய் நின்றார்.

"இந்த எல காலியா இருக்குது பாரு. தம்பிக்கு ஒப்பட்டு வை."

"வேணாங்க."

"எங்க வூட்டு ஒப்பட்டு பிடிக்கலீங்களா?"

ஒப்பட்டு விழுந்தது. பருப்பும் வெல்லமும் திணித்தது, உள்ளங்கையைவிடப் பெரியது. அதன்மேல் நெய். இலையை மறைத்துக் கை வைத்தவனுக்குக் கையின்மேல் விழுந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமனும் வந்து சேர்ந்தார். அவர் கணக்கில் இவர்கள் பெண் வீட்டுப் பிள்ளைகள். பெண் வீட்டுக்குக் குறை வைக்கக் கூடாது. அவர் பாயச வாளியைக் கூப்பிட்டார்.

சாம்பார் வாளியோடு வந்தவன் முருகேஷ், வத்தல்மலையின் கேப்டன். கடலூர் ஸ்டாப்பர், பின்வரிசையில் நின்று தடுக்கிறவன், நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணே, உங்கள எங்கயோ பாத்திருக்கேன்."

"பாத்திருக்கீங்க. என் கால மிதிச்சீங்க" என்றான் முருகேஷ். "சாதம் போடட்டுங்களா?"

நடுவர் தன் படியைக் கேட்க வந்தார். அவரையும் உட்கார வைத்தார்கள்.

பூவிழிக்கு மனசு நிறைந்திருந்தது. சாப்பிடுகிற பிள்ளைகளைப் பார்ப்பது அவளுக்கு எப்போதுமே பிடிக்கும். மாடிப்படி ஏறும்போது கடலூர் கோல்கீப்பர் நடுப்படியில் உட்கார்ந்து யோசிப்பதைக்கூட அவள் பிரியமாகத்தான் பார்த்தாள்.

பரிமாறியவர்கள் கடைசிப் பந்தி முடிந்த பிறகு சாப்பிடுவது வழக்கம். கடைசிப் பந்தி முடிவதற்குள் மூன்று மணி ஆகிவிட்டது. வத்தல்மலை ஆளுக்கு ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டு மைதானத்துக்கு ஓடியது.

பூவிழி அதுவரை ஒரு மேட்சும் பார்த்ததில்லை. இன்று பட்டுப்புடவையோடு போனாள். முடிவைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் மைதானம். டேங்கர் எட்டிய இடத்தில் புல், எட்டாத இடத்தில் மண். கல்யாணக் கூட்டமும் வந்திருந்தது. வந்தவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகளும் இல்லை என்று அதற்குள் சென்னப்பனுக்குத் தெரிந்துவிட்டது. அவர் வருத்தப்படவில்லை.

"நாம சோறு போட்ட பசங்க. நாம பாக்காம வேற யாரு பாப்பாங்க" என்று பேண்ட் செட்டோடு வந்து கடலூர்ப் பக்கம் நின்றுகொண்டார்.

ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே கடலூர் ஒரு கோல் போட்டது. பழக்கதோஷம். பேண்ட் செட் முழங்கியது. பூவிழியின் முகத்தில் ஏ.சி. காற்று பட்டது போல இருந்தது.

பிறகு ஒப்பட்டு வேலையைக் காட்டியது.

முதலில் கடலூர் ஸ்டாப்பர் இடுப்பில் கை வைத்தான். அவனைப் பார்த்து இன்னொருவன் வைத்தான். கோல் கிக்குக்காக நிறுத்தியபோது இரண்டு பேர் உட்கார்ந்தார்கள், ஒருவன் எழவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் முதல்முறையாக எட்டிப் பார்த்தார். ஏப்பம் விட்டான் என்று தெரிந்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். நடுவர் மைதானத்தின் நடுவில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, பந்து எங்கே போனாலும் அங்கிருந்தே விசில் ஊதினார். கோச் கோட்டுக்கு வெளியே குதித்தார். ஒரு தரம்தான் குதித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

வத்தல்மலைக்குப் பசி. பசித்தவன் ஓடுகிற ஓட்டம் வேறு. முருகேஷ் பின்னால் திரும்பிக் கத்தினான்.

"சீக்கிரம் முடிங்கடா. நமக்கு ஒப்பட்டு எடுத்து வெச்சிருக்காரு மாதண்ணன்."

அதன் பிறகு அவர்களைப் பிடிக்க முடியவில்லை. பந்தியில் வளைந்தது போலவே வளைந்தார்கள். பக்கத்து ஆள் எங்கே நிற்கிறான் என்று பார்க்காமலே காலை நீட்டினார்கள். இடைவேளைக்குப் பிறகு ஒரு கோல் விழுந்தது. கடலூர் கோல்கீப்பர் பந்தைப் பார்த்தான், பாயலாமா என்று யோசித்தான், வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

ஒன்றுக்கு ஒன்று. டிரா போதாது. அவளுக்கு அது போதும். நடுவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். பூவிழி மனசுக்குள் மணமகன் அறைக்கு எந்த ஏ.சி., மணமகள் அறைக்கு எந்த ஏ.சி. என்று பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது பந்து முருகேஷின் காலுக்கு வந்தது. முன்னால் ஒரே ஒரு ஆள். அவனும் குனிந்து நின்றான். முருகேஷ் ஒரு கணம் தயங்கினான்.

"போடுடா" என்று யாரோ கத்தினார்கள்.

பேண்ட் செட் நின்றது. சென்னப்பன் திரும்பிப் பார்த்தார். கல்யாணக் கூட்டமே திரும்பிப் பார்த்தது. பட்டுப்புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை கோட்டுக்கு உள்ளே நின்றிருந்தாள். தான் எப்போது கோட்டைத் தாண்டினோம் என்பது பூவிழிக்கே தெரியவில்லை.

முருகேஷ் போட்டான்.

அதன் பிறகு நடந்ததில் பாதி அவளுக்கு நினைவில்லை. விசில் கேட்டது. பேண்ட் செட் கட்சி மாறியது. யாரோ அவள் கழுத்தில் மாப்பிள்ளையின் மாலையைப் போட்டார்கள். முருகேஷ் ஓடிவந்து "அக்கா, நீங்க சொல்லலன்னா பாஸ் பண்ணியிருப்பேங்க்கா" என்றான். அவள் சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள், கண்ணில் நீர் வர. திங்கட்கிழமை வரப்போகிற ஏ.சி. கடைக்காரரை நினைத்தாள், இன்னும் சிரிப்பு வந்தது. கடலூர்ப் பிள்ளைகள் அப்படியே புல்லில் படுத்துவிட்டார்கள். ஒருவன் கையெடுத்துக் கும்பிட்டு, "சாப்பாடு நல்லா இருந்துச்சுக்கா" என்றான். மனப்பூர்வமாகத்தான் சொன்னான்.

கலைவாணன் ஆட்டக்காரர்களின் தோள்மேலிருந்து இறங்கி அவளிடம் வந்தான். ஒரு கால் செருப்பு இல்லை. சட்டையெல்லாம் புல்.

"எறங்கல, பூவிழி. மாதண்ணங்கிட்ட சொல்லிடு. எறங்கல."

அவள் சிரிப்பு மெதுவாக அடங்கியது. படுத்திருந்த நீலச் சட்டைகளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். நெய் டின் ஞாபகம் வந்தது.

"ஏங்க. அவங்கள ஒரு மணிக்கே வரச் சொன்னது யாரு?"

"டிரெஸ் மாத்தணும்ல." அவன் தொலைந்த செருப்பைத் தேடத் தொடங்கினான், மைதானத்தின் அந்தக் கடைசியில்.

அவள் பின்னாலேயே போனாள்.

"டிரெஸ் மாத்த ரெண்டரை மணி நேரங்களா ஆவும்?"