காத்துப் பட்ட இடம்

கமறியா மூன்றாம் முறையும் விழுந்தபோது மஸாஹிர் நானா அவளைத் தூக்கவில்லை. அவளோடு சரிந்த இறால் கூடையைத்தான் தூக்கினார். அவர்தான் இறால் உரிக்கும் எங்கள் வாடியின் மேற்பார்வையாளர்.

"இவளுக்குக் காத்துப் பட்டிரிக்கி" என்றார்.

ஜின்னோ பேயோ, பெயர் சொல்ல விரும்பாத எதுவானாலும் எங்கள் பக்கத்தில் அதற்குக் காத்து என்றுதான் பெயர். அதைக் கேட்டதும் மேசையைச் சுற்றி இறால் உரித்துக்கொண்டிருந்த பதினாறு பேரும் ஓரடி பின்னால் போனார்கள். காலையில் கமறியாவின் பாணைப் பிய்த்துத் தின்ற அனஸ்தாசியாவும் போனாள்.

"நான் இனி இவளுக்குப் பக்கத்தில நிக்க மாட்டன்" என்றாள்.

"ஏன், உன்ர வேதத்திலயும் காத்துப் படுமா?" என்று கேட்டாள் ஹாஜரா ராத்தா. கேட்டுவிட்டு அவளும் கூடையை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

நான் கமறியாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். எனக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது 'ஓம்' சொல்லக்கூட நாக்கு எழும்பாமல்தான் எட்டாம் வகுப்போடு நின்றேன். ஆனால் கமறியா எந்தெந்த நேரத்தில் விழுந்தாள் என்று எனக்குத் தெரியும்.

அந்த வருடம் மழை பெய்யவில்லை. அணைகளில் தண்ணீர் இல்லை என்று கரண்டை மணிக்கணக்கில் வெட்டினார்கள். ஜெனரேட்டர் முதலில் வெளியே முந்திரி மரத்தின் கீழ்தான் ஓடியது. இரண்டு தரம் எண்ணெயைக் களவெடுத்தார்கள். எண்ணெய்க் கேனோடு வீதியால் வந்தால் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்கள் யாருக்குக் கொண்டு போகிறாய் என்று கேட்டு வெயிலில் நிறுத்திவைப்பார்கள். அதனால் மஸாஹிர் நானா ஜெனரேட்டரைத் தூக்கி வாடிக்குப் பின்னால் இருந்த ஒடுங்கிய அறைக்குள் வைத்தார். அந்த அறையின் உட்கதவு மேசையின் முனையில், கமறியா நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால் இருந்தது. அதன் கீழே இரண்டு விரல் இடைவெளி. யன்னல்களோ ஈ வரக்கூடாது என்று முன்பே பலகை அடித்து மூடியவை.

அன்றிலிருந்து எல்லோருக்கும் தலையிடி. அனஸ்தாசியா இரண்டு முறை வாந்தி எடுத்தாள். கமறியா விழுந்ததெல்லாம் ஜெனரேட்டர் ஓடும்போதுதான்.

ஒரு தரம் மட்டும் நான் மஸாஹிர் நானாவின் முன்னால் போய் நின்று, "புகை" என்றேன்.

"எங்க புகை? காட்டு பாப்பம்."

கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் இருக்கவில்லை.

"கேட்டீங்களா? லெய்லா மேடம் எனக்கு இஞ்சினியர் வேல படிப்பிக்கிறா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள்.

இப்போது அவர் கமறியாவைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்கு லெப்பை வந்து ஓதுவார். அதோட இறங்கினாச் சரி. இறங்கல்லண்டா நீ வேலைக்கு வரத் தேவல்ல."

கமறியாவைக் கட்டிய மாப்பிள்ளை கடலுக்குப் போகப் பாஸ் கிடைக்காமல் வீட்டில் இருந்தார். இவளுடைய கையால்தான் அடுப்பு எரிந்தது. காத்துப் பட்டவள் என்ற பெயரோடு இங்கிருந்து போனால் பக்கத்து ஆலங்குடாவில்கூட எந்த வாடியிலும் எடுக்கமாட்டார்கள்.

மறுநாள் குறிஞ்சிப்பிட்டியில் இருந்து, காத்து இறங்க ஓதிப் பார்க்கிற ஹயாத்து முகம்மது லெப்பை வந்தார். பருத்த மனிதர், நல்ல குரல். பத்து மணிக்குக் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியிருந்தது.

"மேடம், லெப்பைக்கு ஒரு கதிர கொண்டு வாங்க" என்றார் மஸாஹிர் நானா.

கதிரையைக் கொண்டுபோய்க் கமறியாவின் இடத்தில் வைத்தேன். ஏன் அங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. காத்துப் பட்ட இடத்தில்தானே ஓத வேண்டும். குனிந்து கதிரைக் காலைச் சரிசெய்வது போல, பின்னால் இருந்த உட்கதவின் கொண்டியை எடுத்து நாலு விரல் திறந்துவிட்டேன்.

லெப்பை கமறியாவைத் தூரத்தில், முன்வாசல் பக்கமாக இருத்திவிட்டு ஓதத் தொடங்கினார். முதலில் குரல் தகரக் கூரை வரைக்கும் போனது. பிறகு இறங்கியது. ஓதிய இடத்தையே மறுபடி ஓதினார். நெற்றியைத் துடைத்தார். கமறியாவுக்கு ஊதிக் கொடுக்க வைத்திருந்த தண்ணீரைத் தானே குடித்தார். போய்க் கதவைச் சாத்து என்று எனக்குள் ஒன்று சொன்னது. நான் அசையவில்லை.

லெப்பை கதிரையில் இருந்து சரிந்தார். இந்தத் தரம் மஸாஹிர் நானா ஓடிப்போய்த் தாங்கினார்.

எனக்கு நாக்கு எழும்பியது.

"லெப்பைக்கும் காத்துப் பட்டுட்டா, நானா?"

அனஸ்தாசியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மஸாஹிர் நானா என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கமறியா வாசலில் இருந்து எழுந்து வந்து லெப்பையின் கையைப் பிடித்தாள். வாசல் காற்றில் இருந்த அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முந்திரி மரத்தின் கீழே வாந்தி எடுத்த பிறகு லெப்பைக்குப் பேச்சு வந்தது. "மஸாஹிர், உள்ளுக்கு என்னத்தடா எரிக்கிற? மண்ட வெடிக்கிது."

"ஜெனரேட்டர் லெப்பை. களவுக்குப் பயந்து…"

"மனிசர் மூச்செடுக்கிற இடத்திலயா? வெளியில எடு முதல்ல."

அன்று பின்னேரமே நாலு பேர் அதை வெளியே இழுத்துச் சங்கிலி போட்டார்கள். ஒரு யன்னலில் பலகையைக் கழற்றி வலை அடித்தார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் விழவில்லை. கமறியாவின் வேலையும் போகவில்லை, என் வேலையும் போகவில்லை.

மஸாஹிர் நானா இப்படிச் சொல்லித் திரிந்தார்: "லெப்பை அந்தக் காத்தத் தன்ட உடம்புல வாங்கிட்டார். அதுதான் விழுந்தார்." எல்லோரும் நம்பினார்கள். ஹாஜரா ராத்தா ஒரு படி மேலே போய், காத்து வெளியே போனபோது தன் முந்தானை அசைந்தது என்றாள்.

கமறியா லெப்பை ஓதிக் கொடுத்த நூலைக் கையில் கட்டிக்கொண்டு வந்தாள். நான் அவள் காதுக்குள், "காத்து இல்ல. ஜெனரேட்டர்" என்றேன்.

அவள் இறாலை உரித்தபடியே கேட்டாள்: "நீ ஏன் புள்ள அந்தக் கதவத் தொறந்த?"

என் கையில் இருந்த இறாலின் தலையைக் கிள்ளினேன்.

"வாசல்ல இருந்து பாத்துக்கொண்டுதான் இருந்தன். அந்த மனிசன் மூச்சு நிண்டு மவுத்தாப் போயிருந்தா?"

தன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஹாஜரா ராத்தாவின் பக்கம் போய் நின்றாள். ராத்தா அவளுக்கு இடம் விட்டாள். இப்போது மேசையின் முனையில், கமறியா நின்ற இடத்தில், நான் தனியே நிற்கிறேன். கதவின் கீழால் களப்புத் தண்ணீரின் காற்று வந்து என் காலில் படுகிறது.