தெரியாது என்று எழுதியவள்

யோரினுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அது அவளுக்கும் தெரியும், அவள் புருஷன் வெஸ்ஸலுக்கும் தெரியும், ஸ்வோலெ என்ற டச்சு நகரத்தில் அவர்கள் குடியிருந்த தெரு முழுக்கத் தெரியும். அந்த மார்ச் மாதம் அவள் வாய்க்கு நல்ல தீனி கிடைத்திருந்தது. ஊரார் போனையும் இணையத்தையும் உளவுத்துறை கொத்தாக ஒட்டுக்கேட்க ஒரு சட்டம் வந்திருந்தது. அது வேண்டுமா வேண்டாமா என்று புதன்கிழமை வாக்கெடுப்பு. இழுவலைச் சட்டம் என்று ஜனங்கள் அதற்குப் பேர் வைத்தார்கள். சின்ன மீன் பெரிய மீன் பார்க்காமல் வாரிக்கொண்டு போகிறதே, அதனால்தான். யோரின் தன் ஜன்னலில் ‘வேண்டாம்’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டி, தெருத்தெருவாகத் துண்டுச்சீட்டும் கொடுத்துவிட்டு வந்தாள். சும்மா சொல்லக்கூடாது, உழைத்தாள்.

அதற்கு முந்தின ஞாயிறு அவளுக்கு ஐம்பது வயது நிறைந்தது. ஐம்பது நிறைந்த பெண்களின் வீட்டு முன்னால் சாரா கிழவி என்று ஒரு பொம்மை வைப்பது அங்கே வழக்கம்; வாசல் தோட்டத்தில் அதை நாற்காலியில் உட்கார்த்தி, யோரினின் பழைய மழைக்கோட்டையே மாட்டிவிட்டிருந்தான் வெஸ்ஸல். உள்ளே கூடத்தில் நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. வருகிறவர்கள் வட்டத்தை ஒரு சுற்று சுற்றி, பிறந்தநாள்காரிக்கு மட்டுமல்ல, அவள் புருஷனுக்கு, புருஷனின் அண்ணனுக்கு, அத்தைக்கு என்று எல்லாருக்கும் கை கொடுத்து வாழ்த்திவிட்டுத்தான் உட்கார வேண்டும். அப்புறம் காபி, ஆளுக்கு ஒரு துண்டு கேக்.

நவால் வந்தது இதுதான் முதல் தடவை. யோரினும் அவளும் ஒரே பல் மருத்துவமனையில் நாலு வருஷமாக வேலை பார்க்கிறார்கள். மதியச் சாப்பாடு ஒன்றாக, புறணி ஒன்றாக, யோரினின் அம்மா இறந்தபோது வாரம் முழுக்க அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்தவள் நவால்தான். அப்படிப்பட்டவளை ஏன் இத்தனை நாள் கூப்பிடவில்லை என்று கேட்டால் யோரினிடம் பதில் கிடையாது. கூப்பிட்டபோதும் “வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா” என்று சொல்லவில்லை. நாற்காலி போதாதாம்.

நவால் வட்டத்தைச் சுற்றி ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, வெஸ்ஸலின் அண்ணன் ரீனஸிடம் வந்தாள். ரீனஸ் அதே தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கிறவர். ஆள் உதவிக்காரர், ஏணி கேட்டால் ஏணியோடு தானும் வருவார். வாய்தான் சரியில்லை.

“உங்க தம்பி பொண்டாட்டிக்குப் பிறந்தநாள், வாழ்த்துகள்” என்றாள் நவால்.

“அட! நம்ம வழக்கமெல்லாம் அழகா கத்துக்கிட்டீங்களே!”

“நான் இங்க பக்கத்து ஊர் டெவென்டர்ல பொறந்தவங்க. முப்பத்தெட்டு வருஷமா இதே வட்டத்துலதான் சுத்திக்கிட்டிருக்கேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். ரீனஸும் சிரித்தார். யோரினுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது, ஆனால் நவாலே சமாளித்துவிட்டாளே என்று நிம்மதியாகக் கேக்கை வெட்டப் போனாள்.

கேக் முடிவதற்குள் பேச்சு சட்டத்துக்கு வந்துவிட்டது. யார் ஆரம்பித்தது? வேறு யார், பிறந்தநாள்காரிதான்.

“ஒளிக்க ஒண்ணும் இல்லாதவனுக்கு என்ன பயம் யோரின்? நாமெல்லாம் ஜன்னலுக்குத் திரை கூடப் போடுறதில்லை” என்றார் ரீனஸ்.

“அப்படியா? அப்ப உங்க போனை இப்படிக் கொடுங்க ரீனஸ். வட்டத்துல ஒரு சுத்து விடுவோம்.”

ரீனஸ் கை சட்டைப்பைக்குப் போய் பொத்திக்கொண்டது. கூடம் அதிரச் சிரித்தது. யோரின் விடவில்லை. சந்தேகம் இருக்கிறவனைப் பார், அதற்கு நீதிபதியிடம் அனுமதி கேள். எல்லாரையும் சந்தேகப்பட ஆரம்பித்தால் ராஜ்யம் ராஜ்யமா, ஜெயிலா? இன்றைக்கு நல்லவன் கையில் இருக்கிற பூதக்கண்ணாடி நாளைக்கு யார் கைக்குப் போகும்? அடேயப்பா, பேச்சென்றால் பேச்சு! வெஸ்ஸலின் அத்தை கூட முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

ரீனஸ் தோற்கிற ஆள் இல்லை. “இதெல்லாம் நமக்கா போடுறாங்க? அவங்களுக்காகப் போடுறது. நாலு இடத்துல குண்டு வெடிச்சுதே, யாரு வெச்சாங்க? நம்ம பயலுகளா?” என்றவர், நவால் இருப்பது ஞாபகம் வந்து அவள் பக்கம் குனிந்தார். “உங்களைச் சொல்லலம்மா. நீங்க தங்கமானவங்க. உங்க ஆளுங்க எல்லாரும் உங்களை மாதிரி இருந்துட்டா இந்தச் சட்டமே வேணாமே!”

நவால் தட்டைப் பார்த்தாள். பிறகு யோரினைப் பார்த்தாள். சண்டைக்கு வா என்று கூப்பிடுகிற பார்வை இல்லை. இவ்வளவு நேரம் பேசினாயே, இப்போது என்ன சொல்லப் போகிறாய் என்கிற மாதிரி ஒரு பார்வை.

யோரினுக்குச் சொல்லத் தெரியாதா? நாக்கு நுனியில் நின்றது. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு, மனுஷன் அப்படித்தான், மனசில் ஒன்றும் கிடையாது என்று அவளுக்கு அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனசில் ஒன்றும் இல்லாதவர் வாயில் மட்டும் எங்கிருந்து வருமாம்?

“யாருக்கு இன்னொரு காபி?” என்று எழுந்தாள் யோரின்.

சமையலறைக்குப் போய் கெண்டியைத் தூக்கியபோது முகம் சுட்டது. சீ, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அவள் போன் அதிர்ந்தது. கூடத்திலும் நாலைந்து போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதிர்கிற சத்தம் கேட்டது. தெருக்குழு! போன வருஷம் சைக்கிள்கள் திருட்டுப் போனபோது தெருவே சேர்ந்து போனில் ஆரம்பித்த காவல் குழு. அதற்குத் தெருமுனையில் போர்டு கூட உண்டு. சந்தேகப்படும்படி யாராவது தெரிந்தால் எழுத வேண்டும், மற்றவர்கள் தெரியும் தெரியாது என்று சொல்ல வேண்டும், யாராவது ஒருத்தர் வெளியே போய்ப் பேச்சுக் கொடுக்க வேண்டும். யோரினும் முதல் நாளே சேர்ந்தவள்.

எதிர்வீட்டு டீனெக்கே எழுதியிருந்தாள்: ‘யோரின் வீட்டு முன்னால் ஒரு ஆள். வெளிநாட்டுத் தோற்றம், தாடி, கறுப்பு ஜாக்கெட். காரில் ரொம்ப நேரம் இருந்தான், இப்போது இறங்கி வீட்டைப் படம் எடுக்கிறான். யாருக்காவது தெரியுமா?’ கீழே அந்த ஆளின் படம், கார் நம்பரோடு.

யோரின் ஒரு கையில் கெண்டியோடு மறு கைக் கட்டைவிரலால் எழுதினாள்: ‘எனக்குத் தெரியாது. கவனிக்கவும்.’

அவ்வளவுதான். அனுப்பிவிட்டு போனைப் பையில் போட்டுக்கொண்டாள்.

காபியோடு கூடத்துக்கு வந்தால் ரீனஸ் எழுந்து நின்றிருந்தார். “நான் போய்ப் பேச்சுக் கொடுத்துட்டு வரேன்” என்று கிளம்பினார். எதைப் பற்றி என்று நவாலைத் தவிர எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் அவளிடம் சொல்லவில்லை. எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். அவளும் திரும்பினாள்.

“ஐயோ, இத்ரீஸ்!” என்று சிரித்தாள் நவால். “நாலரைக்கு வரச் சொன்னா மனுஷன் இப்பவே வந்து நிக்கிறாரு. உன் சாரா பொம்மையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருக்காரு பாரு. ‘யோரின் ஏன் வெளிய குளிர்ல உக்காந்திருக்காங்க?’ன்னு கேக்கிறாரு.”

அவள் காட்டிய போனில் மழைக்கோட்டு போட்ட பொம்மை இருந்தது. யோரின் கெண்டியை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தாள்.

இத்ரீஸ்! டிசம்பரில் மருத்துவமனை விருந்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். அன்று பூராவும் அவரோடுதான் பேசிக்கொண்டிருந்தாள் யோரின். அவர் தோட்டத்து அவரைக்கொடியைப் பற்றி, நத்தைத் தொல்லையைப் பற்றி. விதை வேண்டும் என்று அவள் கேட்க, மறு வாரமே நவால் கையில் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பிய மனுஷன்.

தெருவில் ரீனஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். இத்ரீஸ் பொம்மையைக் காட்டி, வீட்டைக் காட்டி ஏதோ விளக்கினார். அதற்குள் போலீஸ் கார் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றது. நவாலின் சிரிப்பு நின்றுவிட்டது. கோட்டைக் கூட எடுக்காமல் ஓடினாள். யோரின் பின்னாலேயே ஓடினாள்.

இத்ரீஸ் அதற்குள் அடையாள அட்டையை எடுத்து நீட்டியிருந்தார். கேட்பதற்கு முன்பே நீட்டிப் பழகின கை. அந்தப் போலீஸ்காரப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

“அவரு என் வீட்டுக்காரர்” என்றாள் நவால், மூச்சு வாங்க. “என்னைக் கூட்டிப் போக வந்திருக்காரு. யாரு உங்களைக் கூப்பிட்டது?”

டீனெக்கே வீட்டுச் செருப்போடு தெருவைத் தாண்டி வந்துவிட்டாள். பாவம், அவளுக்கும் முகம் வெளுத்திருந்தது. “நான்தாங்க கூப்பிட்டேன். ஆனா சும்மா கூப்பிடல. முதல்ல குழுவுல கேட்டேன். யோரின்தான் தெரியாதுன்னு எழுதினா! அவ வீட்டு முன்னாடி நிக்கிறவரை அவளுக்கே தெரியலைன்னா நான் என்ன பண்ணட்டும்?” என்று போனை எல்லாருக்கும் காட்டினாள்.

நவால் அதை வாங்கிப் படித்தாள். அவசரப்படாமல், மேலிருந்து கீழ் வரை படித்தாள்.

போலீஸ்காரப் பெண் யோரினிடம் திரும்பினாள். “நீங்கதானா அது? இவரை உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்” என்றாள் யோரின்.

“அவ்ளோதான், முடிஞ்சுது!” என்று கைகளைத் தட்டிக்கொண்டார் ரீனஸ். “பாத்தியா யோரின்? இதைத்தான் நான் சொன்னேன். அட்டையைக் காட்டினாரு, விஷயம் தீர்ந்துச்சு. ஒளிக்க ஒண்ணும் இல்லாதவருக்கு ஒண்ணும் ஆகலையே! வாங்க சார், உள்ள வந்து கேக் சாப்பிடுங்க.”

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது யோரினுக்கு. மத்தியானம் பூரா அந்த மனுஷனை மடக்கி மடக்கிப் பேசினாளே! வாதத்தில் ஜெயித்தவள் அவள். அந்த ஜெயத்தைத் தன் கட்டைவிரலாலேயே அவர் கையில் கொடுத்துவிட்டு நின்றாள்.

இத்ரீஸ் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு யோரினிடம் வந்து கையை நீட்டினார். “பிறந்தநாள் வாழ்த்துகள். கேக்கெல்லாம் இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாங்க.” அந்தக் கையைப் பிடித்தபோது யோரினுக்கு அழுகை முட்டியது. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

வெஸ்ஸல் நவாலின் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். நவால் காரில் ஏறினாள். யோரின் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

“நவால், நான் இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லி அந்தப் படத்தை அழிக்கச் சொல்றேன். டீனெக்கே அவசரக்குடுக்கை. நான் ஒரு கையில காபி வெச்சுக்கிட்டு…”

நவால் கையை உயர்த்தி நிறுத்தினாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

“ரீனஸ் பேசினப்ப நீ காபி எடுக்கப் போயிட்ட. சரி, வீட்டுல விசேஷம்னு விட்டுட்டேன். இதை மட்டும் சொல்லு. படத்தைப் பாத்துட்டு எழுதினியா, பாக்காம எழுதினியா?”

பார்க்கவில்லை என்று சொன்னால் தாடி, கறுப்பு ஜாக்கெட் என்ற ரெண்டு சொல்லே போதும் என்று எழுதியவள் ஆகிறாள். பார்த்தேன் என்றால் அன்று விருந்து முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசியவரின் முகமே மனசில் தங்காதவள் ஆகிறாள். தப்பிக்க வழி தேடுகிறோமே என்பதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“பாத்தேன்” என்றாள். அதுதான் உண்மை.

நவால் தலையை ஆட்டினாள். இத்ரீஸ் வண்டியைக் கிளப்பினார். திருப்பத்தில் விளக்குப் போட்டு, வலது இடது ரெண்டு பக்கமும் பார்த்து, ஒரு போலீஸ்காரனும் குறை சொல்ல முடியாதபடி ஓட்டிக்கொண்டு போனார்.