பார்க்காமல் கொடுத்த களிம்பு

திரைக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். அந்தப் பக்கம், தர்பங்கா ஆஸ்பத்திரியின் தோல் டாக்டரம்மா என் தம்பி மனைவி சுனைனாவின் கன்னத்தில் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"அழுத்தினா சிவப்பு மறைஞ்சு, உள்ள பழுப்பாப் பொட்டுப் பொட்டாத் தெரியுது. டி.பி. மாதிரி இருக்கு. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிடலாம். நீங்க டி.பி. மருந்து குடுக்கிறவர்தானே? உள்ள வந்து பாருங்க."

"நான் பாக்கக் கூடாது மேடம். தம்பி சம்சாரம்."

டாக்டரம்மாவும் எங்கள் மிதிலைப் பக்கத்துக்காரர்தான், இந்த வழக்கம் தெரிந்தவர். ஆனாலும் விடவில்லை. "இத்தனை நாளா யாரு வைத்தியம் பண்ணினது?" என்றார்.

நான்தான்.

எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் பதினாறு வருடமாகக் காசநோய் மாத்திரை கொடுப்பது என் வேலை. எவன் இருமினாலும் சளி டப்பாவோடு போய் நிற்பேன் என்று ஊரே கேலி செய்யும். ஆனால் சுனைனா கல்யாணமாகி வந்த பதினோரு வருடத்தில் அவள் முகத்தை நான் கண்டதில்லை. கணவனின் அண்ணனான நான் செருமினாலே முக்காடு மார்பு வரை இறங்கிவிடும். கை தவறிப் பட்டாலும் இருவரும் குளிக்க வேண்டும் என்பாள் அம்மா. நாலு வருடத்துக்கு முன் என் மனைவி விபா வந்து, "சுனைனா கன்னத்துல வட்டமாச் சிவந்திருக்கு. அரிப்பு, வலி ஒண்ணும் இல்லையாம்" என்றாள். அரிக்காத படர்தாமரை ஏது? அதையாவது யோசிக்காமல், படர்தாமரை என்று முடிவுகட்டி களிம்பு கொடுத்தேன். பரவியது. வேறு களிம்பு கொடுத்தேன். மூக்கோரம் கரைய ஆரம்பித்தபோது அவளைத்தான் திட்டினேன், அதுவும் விபா வழியாக: "ஒழுங்காத் தடவச் சொல்லு!" இருமல் இல்லாமல், முகத்தில் வந்து உட்காரும் காசநோய் ஒன்று உண்டென்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை பார்த்திருந்தால், இது நமக்குப் புரியாத சமாச்சாரம் என்று அப்போதே தர்பங்காவுக்கு அனுப்பியிருப்பேன். நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

பத்து நாளில் முடிவு வந்தது. காசநோயேதான். ஆறு மாதம் மாத்திரை. புண் ஆறிவிடும், போன மூக்கு வராது என்றார் டாக்டரம்மா.

நோயாளி விழுங்குவதைக் கண்ணால் பார்த்துத்தான் நான் அட்டையில் குறிக்க வேண்டும். முதல் நாள் காலை மாத்திரைகளை விபா கையில் திணித்து, "நீ பாத்துச் சொல்லு" என்று வாசலுக்கு நழுவினேன்.

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. என் காதுபட சுனைனா பேசியது அதுதான் முதல் தடவை. அதையும் விபாவிடம்தான் பேசினாள்.

"அக்கா, அவர்கிட்டச் சொல்லுங்க. நாலு வருஷம் பாக்காமலே மருந்து குடுத்தாரு. இதையாவது பாத்துக் குடுக்கட்டும்."

விபா என்னைப் பார்த்தாள். "கேட்டுச்சுல்ல? இன்னும் என்ன நின்னுக்கிட்டு?"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். முக்காடு விலகும் சத்தம் கேட்டது. நான் தண்ணீர்ச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மாத்திரைக்கும் சொம்பு மேலே போய்க் கீழே வந்தது. பிறகு அசைவில்லை. விழுங்கியதற்கு அடையாளமாக என் நோயாளிகளிடம் நான் கேட்பதை விபா சொல்லியிருக்க வேண்டும். கேட்காமலே சுனைனா வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டியபடி காத்திருப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது.

நிமிர்ந்தேன். காதிலிருந்து மூக்கு வரை சிவந்து சுருங்கிய தோல். இடது நாசியின் ஓரத்தைக் காணவில்லை. மூக்குத்தியை வலது பக்கம் மாற்றிக் குத்தியிருந்தாள். வாயை அவள் இன்னும் மூடவில்லை.