தண்ணீர் குடிக்காத மரம்

மரம் தண்ணீர் குடிக்கவில்லை என்பது மூன்று நாளாக எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஓட்டல் லாபியின் நடுவில் நாற்பது அடி உயரத்துக்கு நின்றது அந்தக் கிறிஸ்துமஸ் மரம். பொம்மை மரமல்ல. மலையில் வெட்டி, குளிர்பெட்டி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த நிஜ மரம். அதில் தொங்கிய வைரமும் மரகதமும் முத்தும்கூட நிஜம். நகைக்கடைக்காரர் ஒருவர் பன்னிரண்டு நாளைக்கு இரவல் கொடுத்திருந்தார். நகைக்குக் காவலாக ஆறு பேர். மரத்துக்கு நான் ஒருவன்.

வேலை தொடங்கும் முன் மேனேஜர் எங்களை உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டினார். ஓர் ஊரில் மரத்தையே தங்கத்தில் செய்திருக்கிறார்கள். இன்னோர் ஊரில் ஏரி நடுவே மிதக்க விட்டிருக்கிறார்கள். வேறெங்கோ, உச்சியில் வைத்த நட்சத்திரத்தின் விலைக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டலாமாம்.

"இந்த வரிசையில நாம எங்க இருக்கோம்?" என்று கேட்டார்.

"கடைசியில சார், ஃபேன் காத்து வராத இடத்துல" என்றான் சமையல்கட்டு ஆள் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை.

எனக்கு அங்கே முக்கால் டிகிரி என்று பெயர். காலேஜை மூன்றாவது வருஷத்தில் விட்டவன். ராத்திரி ஷிஃப்டில் லாபித் தரையைத் துடைப்பது என் வேலை. மரம் வந்த பிறகு அதற்குத் தண்ணீர் ஊற்றுவதும் சேர்ந்துகொண்டது. அடிமரம் ஓர் இரும்புத் தொட்டிக்குள் நின்றது. தொட்டியைச் சுற்றி சிவப்பு வெல்வெட். வெட்டிய மரம் முதல் சில நாள் குடம் குடமாகக் குடிக்கும், இறங்க இறங்கக் கோடு வரைக்கும் ஊற்று என்று மரத்தைக் கொண்டுவந்தவர் சொல்லியிருந்தார். அவரை எல்லோரும் மரக்காரர் என்போம்.

தண்ணீர் இறங்கவே இல்லை.

காரணம் நான்தான். மரம் வந்த அன்று பின்கேட்டில் வைத்து மரக்காரர் அடியை ஒரு விரற்கடை புதிதாக அறுத்தார். அப்போதுதான் அது தண்ணீர் இழுக்கும். அறுத்த இடத்தில் பிசின் வடிந்தது. அந்தப் பக்கத்தைத் தள்ளுவண்டியில் வைத்து லாபி மார்பிள் மேல் கொண்டுபோக வேண்டும். எங்கள் டிபார்ட்மெண்டில் மார்பிளைத் தொடுகிற எதற்கும் அடியில், கறை படாமலிருக்க, சீலர் என்ற நீர் புகாத பூச்சைப் பூசிவிடுவோம். நாற்காலிக் கால், பூந்தொட்டி, சிலை, எதுவானாலும். பூசியது தெரியாது, கண்ணாடி மாதிரி இருக்கும். மரக்காரர் கிரேன்காரனோடு கத்திக்கொண்டிருந்த நேரத்தில் நான் அந்த வெட்டுக்கு இரண்டு கோட்டிங் பூசினேன். யாரும் சொல்லவில்லை. கைப்பழக்கம்.

அந்த டிபார்ட்மெண்டின் சூப்பர்வைசர் என் அக்கா. மார்பிளில் ஒரு கறை விழுந்ததற்காக அவளுக்கு முன்னால் இருந்தவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வேலையோடு சேர்த்துத்தான் அக்காவுக்கு ஓட்டலின் பின்பக்கம் தரைத்தளத்தில் ஒரு குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மாமாவுக்குப் பக்கவாதம். இடது பக்கம் வராது. மாடிவீடு என்றால் அவரை யார் தூக்குவது?

என் தப்பு வெளியே தெரிந்தால் அவள் வேலைதான் போகும். அதனால் நான் மூன்று நாளும் கோப்பையால் தொட்டித் தண்ணீரை மொண்டு சாக்கடையில் ஊற்றினேன். காலையில் மரக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "நல்லா இழுக்குது" என்பார். நானும் தலையாட்டி, திரும்ப ஊற்றுவேன்.

ஓட்டல் முதலாளியும் விருந்தினரும் பார்க்க மரத்துக்கு முதல்முறை விளக்கு போடும் நாள் விடிகாலையில் அக்கா என்னைப் பிடித்துவிட்டாள்.

"என்னடா பண்ற?"

"தண்ணி எடுக்கறேன்."

"ஊத்தறதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?"

சொன்னேன். கவிழ்த்துவைத்த பக்கெட் மேல் உட்கார்ந்தாள். திட்டவில்லை. காவலாளிகள் காதுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறார்களா என்று பார்த்தாள்.

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல."

"சொல்லாத. பன்னிரண்டு நாள் அது நின்னா போதும். உயிரோட நிக்கணும்னு எவனும் கேக்கல."

குவார்ட்டர்ஸுக்குப் போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. மாமா பாதி வாயால் கேட்டார், "உங்க மரம் எப்படி இருக்கு?"

"தண்ணி இறங்க மாட்டேங்குது மாமா."

"எனக்கும்தான். என்னையும் அது பக்கத்துல நிக்க வைங்க. கம்மி ரேட்டுக்கு வரேன்."

மத்தியானமே லாபிக்குப் போய்விட்டேன். ஏணி மேல் மரக்காரர். ஊசி இலை ஒன்றை விரலில் மடித்தார். வளையவில்லை, முறிந்தது. இன்னொன்றை மடித்தார். அதுவும்.

"புரியலயே தம்பி. முப்பது வருஷமா இதான் தொழில். குடிக்கிற மரம் இப்படிக் காயாது."

மரத்தைச் சுற்றி நகைக்கடை ஆட்கள் பெரிய பல்புகளை நிறுத்தியிருந்தார்கள். எரியும்போது கை வைத்தால் சுடும். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்றார் மரக்காரர்.

"இந்த லைட் இல்லன்னா வைரம் வெறும் கல்கண்டு" என்றான் நகைக்கடை ஆள்.

மரம் ஈரமாக இருக்கிறது, தீப்பிடிக்காது என்று மரக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் விளக்கு போட விடுவார்கள். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"உண்மையைச் சொல்லு. நெஜமாவே அவ்வளவு தண்ணி இழுத்துச்சா?"

"இழுத்துச்சு அண்ணே."

கையெழுத்துப் போட்டார்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் இலை கொட்ட ஆரம்பித்துவிட்டது. சிவப்பு வெல்வெட் மேல் பச்சையாகக் குவிவதைப் பார்த்த மேனேஜர், நான்கு துப்புரவுப் பெண்களுக்குப் பச்சைச் சீருடை கொடுத்து, கீழ்க்கிளைகளுக்குள் கையில் பிரஷ்ஷோடு உட்காரச் சொன்னார். விருந்தினர் கண்ணில் படாமல் விழ விழ அள்ள வேண்டும். சூப்பர்வைசரும் கூட இருக்க வேண்டும், அடிமரத்தை ஒட்டி.

அக்கா பச்சை உடுப்பில் வந்து நின்றாள். "இப்போ நானும் அலங்காரம்டா" என்றாள்.

சுள்ளியாகக் காய்ந்த நாற்பது அடி மரம். சுற்றிலும் சுடும் பல்பு. நடுவில் அக்கா.

"நீ உள்ள போகாத."

"போகலன்னா ஏன்னு கேப்பாங்க. என்ன சொல்லட்டும்? வாயை மூடிட்டுப் போடா."

மண்டியிட்டுக் கிளைகளுக்குள் நுழைந்தாள். விளக்கு போட அரைமணி நேரம் இருந்தது.

நான் மரக்காரரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளிறிப்போனது.

"உன் வாய் வார்த்தைய நம்பிக் கையெழுத்துப் போட்டேன்டா" என்றார். பிறகு என் சட்டையைப் பிடித்து மேனேஜர் அறைக்கு இழுத்துப்போனார்.

மேனேஜர் டை கட்டிக்கொண்டிருந்தார். கேட்டு முடிக்கும் வரை கட்டினார். "எத்தனை பேருக்குத் தெரியும்?"

"மூணு பேர் சார்."

"இப்போ நாலு. அதோட நிக்கட்டும்."

"லைட்டைப் போடாதீங்க சார்" என்றார் மரக்காரர்.

"வாசல்ல கார் வந்து நிக்குது. முதலாளி வந்தாச்சு. ரெண்டு நிமிஷம் போடுவோம், போட்டோ எடுப்பாங்க, அணைச்சிடுவோம். நீங்க ஸ்விட்ச் பக்கத்துல நில்லுங்க." என் பக்கம் திரும்பினார். "உனக்கு என்னடா வேணும்?"

"அக்காவை மட்டும் அங்கேருந்து எடுத்துடுங்க சார்."

"சீலர் டப்பா யார் பொறுப்பு?"

அது அக்காவின் பொறுப்பு என்று அவருக்கே தெரியும்.

"எடுத்துட்டேன். வேலையிலேருந்தே எடுத்துட்டேன். காலையில குவார்ட்டர்ஸ் சாவி என் மேஜைக்கு வந்துடணும். அவ இடத்துல நீ போய் உக்காரு."

"சார், நான்தான் பூசினேன், அவளுக்கு ஒண்ணும்..."

"நேரமாச்சு."

அக்கா கிளைக்குள்ளிருந்து வெளியே வந்தபோது முடியெல்லாம் ஊசி இலை. மேனேஜர் அவள் காதருகே இரண்டு வாக்கியம் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். பிரஷ்ஷை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்கதவு வழியாகப் போனாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உள்ளே உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த நான்கு பெண்களுக்கும் ஒன்றும் தெரியாது. ஒருத்தி, "அஞ்சுமணி டீ கூடக் குடுக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எழுந்து ஓடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் மாமாவுக்கு இன்றிரவுகூட அந்த அறை இருக்காது. சொல்லவில்லை. அதை இப்போதும் நியாயப்படுத்த மாட்டேன்.

விளக்கு எரிந்தது. வெளியே கைதட்டல். மேலிருந்து வெளிச்சம் சுடுநீர் மாதிரி பிடரியில் இறங்கியது. இலை மழையாகக் கொட்டியது. பிசின் வாசனை. ஒவ்வொரு கிளை முறியும் சத்தத்துக்கும் இதோ இப்போது என்று நினைத்தேன். ஸ்விட்ச் பக்கத்தில் மரக்காரரின் செருப்புக் கால்கள் தெரிந்தன. இரண்டு நிமிடத்தில் அந்தக் கால்கள் திரும்பின. உடனே மேனேஜரின் பூட்ஸ் அவற்றுக்கு எதிரே வந்து நின்றது. முதலாளிக்கு மரம் பிடித்துவிட்டது. இன்னும் எரியட்டும் என்றாராம்.

நாற்பது நிமிடம் எரிந்தது. எதுவும் ஆகவில்லை. ஒரு பொறிகூட விழவில்லை.

நான் குவார்ட்டர்ஸுக்குப் போனபோது அக்கா துணிமூட்டை கட்டி முடித்திருந்தாள். கட்டிலைத் தூக்கப் பக்கத்து அறை லிஃப்ட்காரரைக் கூப்பிட்டிருந்தாள். மாமா அதில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரிஞ்சுதா?" என்று கேட்டாள் அக்கா.

"இல்ல."

மூட்டையின் முடிச்சைப் பல்லால் இறுக்கினாள்.

"எரிஞ்சிருந்தாலும் ஓடி வந்திருப்பேன்டா. எனக்குக் கால் இருக்கு." கட்டில் பக்கம் தலையை அசைத்தாள். "அவருக்குத்தான் இல்ல."

"எங்கக்கா போறது?"

"அதை வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்."

கால்மாட்டை நான் பிடித்தேன், தலைமாட்டை லிஃப்ட்காரர். வாசலில் இரண்டு படி. மாமா வலக்கையால் கட்டில் சட்டத்தை இறுக்கப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா, அண்ணே" என்றாள் அக்கா. லிஃப்ட்காரரிடம்தான் சொன்னாள்.