விரித்தவன் மடக்கட்டும்

ஒருவர் விரித்த மடக்குக்கத்தியை அவரேதான் மடக்க வேண்டும். இன்னொருவர் மடக்கினால் கெடுதல் வரும். டென்னசியில் எங்கள் டங்கன் மில் ஊரில் பைபிளுக்கு அடுத்தபடியாக நம்பப்படுவது இதுதான். பைபிளையாவது ஞாயிற்றுக்கிழமை மட்டும் நம்புகிறவர்கள் உண்டு. கத்தியை மடக்கித் தந்தால் மடக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும், விரித்துத் தந்தால் விரித்தபடியே. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று நான் சொல்லிக்கொள்வேன். சொல்லிக்கொள்வதோடு சரி.

நான் வெல்டா. கோர்ட்டுக்கு எதிரே ஹார்டுவேர் கடை என்னுடையது. ஆணி, குழாய், விதை, கோழித்தீவனம் எல்லாம் கிடைக்கும். சனிக்கிழமை காலையில் அடுப்பைச் சுற்றி ஏழெட்டுக் கிழவர்கள் வந்து உட்காருவார்கள். வாங்குவது ஒன்றும் கிடையாது, குடிக்கிற காப்பியும் என்னுடையது. அவர்களுடைய வேலை கத்தி மாற்றுவது. ஒருவர் மூடிய கையை நீட்டுவார், எதிரில் இருப்பவரும் மூடிய கையை நீட்டுவார், உள்ளே என்ன கத்தி என்று பார்க்காமலே மாற்றிக்கொள்வார்கள். அப்புறம் புலம்பக் கூடாது. ஏமாந்தவர் அடுத்த சனிக்கிழமை இன்னொருவர் தலையில் அதைக் கட்டுவார். இப்படியே ஒரு துருப்பிடித்த இரட்டை அலகுக் கத்தி பதினோரு வருடத்தில் ஊரை மூன்று சுற்று சுற்றி வந்திருக்கிறது.

இவர்களில் ஆர்லிஸ் கெட்டிக்காரர். வீட்டில் துணிச்சுருளில் நாற்பது கத்திக்கு மேல் சேர்த்து வைத்திருந்தார். அவர் மனைவி லொரீனுடைய அண்ணன் டெல்மர் இன்னும் கெட்டிக்காரர். ஒரு கத்தியைக் கையில் வாங்கி, விரித்து, அலகின் அடியில் பொறித்த முத்திரையைப் பார்த்தால் போதும், எந்த வருடம் செய்தது என்று சொல்லிவிடுவார். மச்சான்கள் இரண்டு பேரும் அடுப்புக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ஒருவரையொருவர் வாரிக்கொண்டிருப்பார்கள். முப்பது வருடம் அது நன்றாகத்தான் போனது.

ஒன்பது வருடத்துக்கு முன்பு, மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆர்லிஸ் ஒரு மூன்று அலகுக் கத்தியோடு வந்தார். பழுப்பு எலும்புப் பிடி. ஒரு பெரிய அலகு, ஒரு மழுங்கல் முனை அலகு, கன்றுக்குக் காயடிக்கிற சின்ன அலகு. ஒரு துப்பாக்கியும் இரண்டு வேட்டை நாய்க்குட்டிகளும் கொடுத்து வாங்கியிருந்தார். சுருளில் வைக்க அல்ல, சாகிற வரை பையில் வைத்துக்கொள்ள. அதுவரை பையில் வைத்திருந்த கத்தியை அன்று காலையிலேயே இன்னொருவர் தலையில் கட்டிவிட்டிருந்தார்.

டெல்மர் அதைக் கையில் வாங்கினார். பெரிய அலகை நகத்தால் விரித்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அலகு மாத்துனது, மச்சான்" என்றார். "மத்த ரெண்டும் அசல். பெருசு மட்டும் வேற கத்தியிலருந்து எடுத்து மாட்டினது. முத்திரை ஒத்துப்போகல."

ஆறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் காப்பியை உறிஞ்சுவதைக்கூட நிறுத்திவிட்டார்.

"அப்ப நான் ஏமாத்துறேங்கிறியா, இல்ல ஏமாளிங்கிறியா?" என்றார் ஆர்லிஸ்.

"ரெண்டுல எது வேணுமோ நீயே எடுத்துக்க."

அதற்குப் பிறகு பேசியதை நான் எழுதப்போவதில்லை. நாய்க்குட்டி வரைக்கும் இழுத்தார்கள், லொரீன் கல்யாணம் வரைக்கும் இழுத்தார்கள். கடைசியில் டெல்மர் கத்தியை விரித்தபடியே என் கல்லாமேசை மேல் வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாரோ அதை மடக்கப் போனார்கள்.

"தொடாத" என்றார் ஆர்லிஸ். "விரிச்சவன் வந்து மடக்கட்டும்."

அடுத்த சனிக்கிழமை வந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். டெல்மர் வரவில்லை. ஆணி வாங்கக்கூடப் பதினெட்டு மைல் தள்ளி வேறு ஊருக்குப் போனார். கத்தியை நான் கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்தபடியே வைத்தேன். மாதம் ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைத்தேன். ஒஹையோவிலிருந்து வந்த ஒரு ஆள் விலைக்குக் கேட்டான். வெளியே போகிற வழியைக் காட்டினேன்.

இதில் கூத்து என்னவென்றால், ஆர்லிஸ் வேறு கத்தியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளவே இல்லை. "வீட்டுல நாப்பது கிடக்கே" என்று கேட்டால், "அது சேத்து வச்சது. பையில வைக்கிறது இது" என்பார். எங்கள் ஊரில் பையில் கத்தி இல்லாத ஆண்பிள்ளை என்றால் கால்சட்டை போடாதவன் மாதிரி. ஒன்பது வருடம் அந்த மனிதர் கயிறு அறுக்கவும் ஆப்பிள் சீவவும் கண்டவரிடமெல்லாம் கத்தி இரவல் கேட்டார். "என்ன ஆர்லிஸு, பல்லு குத்தவும் இரவல்தானா?" என்று கேலி பேசினார்கள். சிரித்துக்கொண்டே வாங்குவார், வேலை முடிந்ததும் தானே மடக்கித் திருப்பிக் கொடுப்பார். இதிலெல்லாம் ரொம்ப ஒழுங்கு.

லொரீன் இரண்டு பக்கமும் நடந்து நடந்து அலுத்துப்போனாள். அண்ணன் வீட்டுக்கு ஒரு பீச் பழ அப்பம், புருஷனுக்கு ஒரு பீச் பழ அப்பம் என்று சுட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்துக்கு முன்பு புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். அடக்கத்தின்போது குழிக்கு இந்தப் பக்கம் ஆர்லிஸ், அந்தப் பக்கம் டெல்மர். இரண்டு பேரையும் அறையலாம் போல எனக்குக் கை பரபரத்தது.

ஆனால் எனக்குள்ளும் ஒன்று இருந்தது. லொரீன் இறப்பதற்கு முந்தைய மாதம் ஓடை பெருகிக் கடைக்குள் தண்ணீர் வந்தது. இடுப்பளவு தண்ணீரில் ஒவ்வொன்றாக மாடிக்கு ஏற்றினேன். கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன், விரித்த கத்தி, இரண்டு கக்கத்திலும் சாமான். யோசிக்கவே இல்லை. மடக்கி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். மூன்று நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. யாருக்கும் தெரியாமல் விரித்து, பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். அடுத்த மாதம் லொரீன் போனாள். அவளுக்கு ஒரு வருடமாகவே உடம்பு சரியில்லை, கத்திக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தமில்லை, எல்லாம் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை.

போன அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை ஆர்லிஸ் வந்து கல்லாமேசையில் சாய்ந்துகொண்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. இதயத்தில் ஒரு வால்வு போய்விட்டது, வியாழக்கிழமை நாஷ்வில்லில் ஆபரேஷன் என்று ஊருக்கே தெரியும்.

"நான் போகல, வெல்டா" என்றார்.

"என்னண்ணே பேசுறீங்க?"

"அந்தக் கத்தி பையில இல்லாம போகமாட்டேன்."

"ஆஸ்பத்திரியில கத்திய உள்ள விடமாட்டாங்க. வாசல்லயே பிடுங்கி வச்சுக்குவாங்க."

"பிடுங்கட்டும். பிடுங்குறதுக்காவது பையில ஒண்ணு இருக்கணும்ல."

ஆபரேஷன் செய்யாவிட்டால் கிறிஸ்துமஸைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மனிதரின் பிடிவாதம் எனக்குத் தெரியும். கோபமாக வந்தது, பயமாகவும் இருந்தது. செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டு டெல்மரின் பண்ணைக்கு வண்டியை விட்டேன்.

டெல்மர் தொழுவத்தில் கன்றுக்குக் காயடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அலகைக் கால்சட்டையில் துடைத்தார்.

"உன் கடைக்கு வர்றதில்லன்னு நீயே வந்துட்டியா?" என்றார்.

"ஒரு கத்திய மடக்கணும். வாங்க."

"நான் வந்து மடக்கினா, நான் சொன்னது தப்புன்னு ஆயிரும். நான் சொன்னது தப்பில்ல."

"நீங்க சொன்னது சரியாவே இருந்துட்டுப் போகட்டும். அவருக்கு வியாழக்கிழமை நெஞ்சைப் பிளக்கப்போறாங்க. இது இல்லாம போகமாட்டேன்னு உக்காந்திருக்காரு."

டெல்மர் கன்றை அவிழ்த்து விட்டார். அது தாயிடம் ஓடியது. பிறகு, "அவன் ஆபரேஷனுக்குப் போறதும் போகாததும் அவன் இஷ்டம்" என்றார். ஆனால் குரல் சரியாக இல்லை. இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் போதும் என்று நினைத்தேன். அங்கேதான் நான் புத்தி கெட்டுப்போனேன்.

"மடக்குறதுல சரி தப்பு ஒண்ணும் இல்ல, அந்தக் கெடுதல் பேச்சையும் பெருசா எடுத்துக்காதீங்க" என்றேன். "வெள்ளத்தப்போ நானே அத மடக்கித் திரும்ப விரிச்சு வச்சேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

டெல்மர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப இப்ப விரிச்சது நீ" என்றார். "எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நீயே போய் மடக்கு."

அடுத்த கன்றைப் பிடிக்கப் போய்விட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். அவர் வருவதற்கு இருந்த ஒரே காரணத்தையும் என் வாயாலேயே கெடுத்துவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் ஆர்லிஸைக் கடைக்கு வரச்சொன்னேன். அவர் அடுப்புப் பக்கம் உட்கார்ந்தார். கத்தியைப் பெட்டியிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். வெள்ளம், ஏப்ரன், மூன்று நாள், அப்புறம் லொரீன். லொரீன் பெயரைச் சொல்லும்போது அழுதுவிட்டேன், அறுபது வயதில்.

"அவளுக்குக் கேன்சர், வெல்டா" என்றார் ஆர்லிஸ். "கத்தி என்ன பண்ணும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நானும் அப்படித்தான் நெனச்சேன். என்னாலதான்னு."

"உங்களால எப்படி?"

"அவன் வச்சுட்டுப் போன அன்னிக்கு, எல்லாரும் போனப்புறம் நீ பின்னாடி தீவன மூட்டை அடுக்கப் போயிருந்த. நான் இங்கயே நின்னுட்டிருந்தேன். கை அதுபாட்டுக்கு எடுத்து மடக்கிருச்சு. பையிலயும் போட்டுட்டேன்."

"அப்புறம்?"

"கதவு வரைக்கும் போனேன். இது மடங்கிட்டா அவன் எதுக்கு வருவான்? வேற என்ன காரணம் இருக்கு அவனுக்கு இந்தப் பக்கம் வர? திரும்பி வந்து விரிச்சு வச்சேன்."

எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. ஒன்பது வருடம் எண்ணெய் போட்டவள் நான். அந்தக் கத்தி முதல் நாளிலிருந்தே டெல்மர் விரித்த கத்தி இல்லை.

"அப்ப இப்பவே எடுத்துட்டுக் கிளம்புங்க" என்றேன்.

"இல்ல" என்றார். "இன்னும் நாள் இருக்கு." நாள் இல்லை. அரை நாள்தான் இருந்தது.

மூன்றரை மணிக்கு டெல்மரின் லாரி வெளியே நின்றது. உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார். ஒன்பது வருடத்தில் அவர் பாதியாகிவிட்டதை அன்றுதான் ஆர்லிஸ் கிட்டத்தில் பார்த்திருப்பார். டெல்மர் நேராக வந்து கத்தியை எடுத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார், வாயைத் திறக்காதே என்கிற மாதிரி. ஆர்லிஸும் அதே மாதிரி என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக நான் வாயை மூடிக்கொண்டேன்.

டெல்மர் உள்ளங்கையால் அலகைத் தள்ளினார். டப்பென்று மடங்கியது. கத்தியின் ஸ்பிரிங் இன்னும் பழுதில்லை.

"அலகு மாத்துனதுதான், மச்சான்" என்றார்.

"தெரியும். ஆறு பேருக்கு முன்னாடி சொன்னியே."

"தனியாச் சொல்லியிருக்கணும்."

ஆர்லிஸ் கத்தியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மேலே இரண்டு முறை தட்டிப் பார்த்தார். "நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பணும்" என்றார். "நாலே முக்காலுக்கு வர்றேன்" என்றார் டெல்மர். போகிற வழியில் எங்கள் ஊர்ப் பிஸ்கட் ரொட்டியும் இறைச்சிக் குழம்பும் சாப்பிடுவதா வேண்டாமா என்று வாசல்வரை சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றோடு வரச்சொல்லியிருந்தார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்புறம் நடந்ததை டெல்மர்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் உடையை மாற்றும்போது நர்ஸ் கத்தியைக் கேட்டாள். ஆர்லிஸ் அவளிடம் கொடுக்கவில்லை, டெல்மரிடம் கொடுத்தார். "மடக்கித் தர்றேன், மச்சான். மடக்கியே திருப்பிக் குடு. நான் வந்துதான் விரிப்பேன்" என்றாராம். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

டெல்மர் இப்போது சனிக்கிழமைதோறும் வருகிறார். ஆர்லிஸின் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை, அவரும் உட்காருவதில்லை. அந்த மூன்று அலகுக் கத்தி மடக்கியபடியே அவருடைய வலது பையில்தான் இருக்கிறது, துணிக்கு மேல் அதன் வடிவம் தெரியும். சொந்தக் கத்தியைக் கன்றுக்கயிற்றோடு தொழுவத்தில் மாட்டிவிட்டாராம்.

போன வாரம் ஒரு மூட்டை கோழித்தீவனம் வாங்கினார். வாயைக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"வெல்டா, கத்தி இருக்கா?" என்றார்.

என்னுடைய சின்னக் கத்தியை மடக்கியபடியே கொடுத்தேன். விரித்தார், கயிற்றை அறுத்தார், தானே மடக்கித் திருப்பிக் கொடுத்தார்.