அத்தானுக்கு ஒரே ஒரு குண்டு

பென்சில் என்று எல்லாரும் கூப்பிடும் அவனுக்கு மனதிலிருந்து முகம் வரைய வராது. கண்ணால் பார்த்த முகத்தை அப்படியே கொண்டுவந்துவிடுவான். இல்லாத ஒருவனை வரையச் சொன்னால், அவித்த முட்டைக்குக் கண் வைத்ததுபோல ஏதோ ஒன்று வந்து நிற்கும். கடைப் பலகைகள் செய்யும் பட்டறையில் அவனுக்கு வேலை. எழுத்துகளைக் கணினியில் அடுக்கி, ஸ்டிக்கர் வெட்டும் மெஷினுக்கு அனுப்பி, வெட்டி வந்ததைப் பலகையில் காற்றுக் குமிழி விழாமல் ஒட்ட வேண்டும். முகங்களுக்கு அங்கே வேலை இல்லை. அதனால் இந்தக் குறை யாருக்கும் தெரியாமலே இருந்தது. செல்போனுக்கு ஒரு விளையாட்டு செய்யலாம் என்று அவன் உட்கார்ந்தபோதுதான் அது வெளியே வந்தது.

அது ஒரு கௌபாய் விளையாட்டு. ‘புழுதித் தெரு’ என்று பெயர். இரண்டு பக்கமும் மர வீடுகள், நடுவே மண் தெரு. அந்தக் கோடியில் ஒரு கொள்ளைக்காரன் நிற்பான், இந்தக் கோடியில் நாம். அவன் கை துப்பாக்கிக்குப் போகும் நொடியில் திரையைத் தட்ட வேண்டும். முந்தித் தட்டினால் தோல்வி, பிந்தினால் சாவு. ஒரு சண்டை ஒரு நிமிடம்கூடத் தாங்காது. பஸ் வருவதற்குள், லிஃப்ட் இறங்குவதற்குள், அடுப்பில் பால் பொங்குவதற்குள் ஆடி முடித்துவிடலாம்.

“பெரிய பெரிய கேமெல்லாம் ஆட யாருக்கு நேரம் இருக்கு? எனக்கே இல்ல” என்பான் பென்சில்.

வீட்டின் பின்னறையில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் அவன் மேசை. மெஷின் சுற்ற ஆரம்பித்தால் மேசையும் சேர்ந்து ஆடும். அப்போது வரைவதை நிறுத்திவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பான். ஆறு கொள்ளைக்காரர்கள் தேவைப்பட்டார்கள். ஆறு முட்டைகளை வரைந்து பார்த்துவிட்டு, கடைசியில் தெரிந்தவர்களிடமே போனான். பட்டறை முதலாளி முதல் ஆள். பல் டாக்டர் இரண்டாவது. மூன்றாவது அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர். நான்காவது சகலை, அவன் மனைவியின் தங்கை புருஷன். ஐந்தாவது வீட்டுச் சொந்தக்காரர். ஆறாவதுக்கு ஆள் அகப்படாமல் கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வரைந்துகொண்டான். தொப்பி வைத்து மீசையை மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்பது அவன் எண்ணம்.

யாருக்கு எத்தனை குண்டு என்பதை உடம்பைப் பார்த்து முடிவு செய்தான். சகலைக்கு டயர் கடை. டயரை டயர்மேல் அடுக்கியதுபோலத்தான் ஆளும் இருப்பார். அவருக்கு மூன்று. அத்தான் ஒல்லி, நீளக் கழுத்து. குதிரைத் திருடன் வேடம், ஒரே குண்டு. ஆனால் அவர் விழுவதில் மட்டும் பென்சில் கொஞ்சம் மெனக்கெட்டிருந்தான். தொப்பி பறக்கும், இரண்டு கையும் மேலே போகும், முழங்கால் மடியும், அப்புறம்தான் சாய்வார். மற்றவர்கள் எல்லாரும் மரம் மாதிரி விழுந்தார்கள். அத்தனை பேருக்கும் அப்படிச் செய்ய அவனுக்குப் பொறுமை இல்லை.

விளையாட்டு வெளியாகி, முன்பின் தெரியாதவர்கள் சிலர் நன்றாக இருப்பதாக எழுதியதும், பென்சிலின் மனைவி இரண்டு பக்கத்து உறவையும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டாள். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். யாரையும் சற்று உற்றுப் பார்த்துதான் பேசுவாள்.

சகலை வந்ததும் வராததுமாகப் போனை எடுத்தார்.

“சகல, நாலாவது ஆளு நான்தானே? மறைக்காதே. கடைக்கு வர்றவன் எல்லாம் என்னைச் சுட்டுட்டுத்தான் காத்து அடிக்கிறான்!”

பென்சில் அசடு வழிந்தான். சகலையின் மகிழ்ச்சியைப் பார்த்தால் யாரோ சிலை வைத்துவிட்டார்கள் என்று தோன்றும். அத்தான் எட்டிப் பார்த்தார்.

“அதுக்கு முன்னாடி நிக்கிறது யாரு?”

“அது சும்மா ஒரு குதிரைத் திருடன் அத்தான்.”

“அட, இது நம்ம அண்ணனேதான்!” என்றார் சகலை. “கழுத்தப் பாருங்க, கழுத்த!”

எல்லாரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். போனை வாங்கி, சற்று தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்.

“உங்களுக்கு எத்தனை குண்டு?”

“மூணு. மூணும் பட்டாதான் சாவேன்.”

“எனக்கு?”

பென்சில் மனைவியைப் பார்த்தான். அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போய்விட்டாள்.

“ஒண்ணு அத்தான்.”

அத்தான் அதற்குமேல் எதையும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடவில்லை. கிளம்பும்போது மாடிப்படியில் நின்று சொன்னார்.

“திருடனா வரைஞ்சதுக்குக் கோபம் இல்ல மச்சான். விளையாட்டுதானே. ஆனா டயர்க்காரருக்கு மூணு, எனக்கு ஒண்ணா? ஒரே குண்டுல சாயிற ஆளா நான்? நீயே யோசிச்சுப் பாரு.”

பின்னால் அக்கா நின்றிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

அத்தான் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். எந்த லாரியில் எந்தப் பெட்டி அடியில், எது மேலே என்று அவர் சொன்னால் அதுதான். வீட்டிலும் அப்படித்தான். ஒருமுறை ரயில் நேரத்தை அவர் தப்பாகப் பார்த்துவிட்டு, குடும்பமே மூட்டை முடிச்சுகளோடு காலி பிளாட்பாரத்தில் நின்றது. ஸ்டேஷன் கடிகாரம் சரியில்லை என்றார். அந்தக் கடிகாரம் சரியில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்டவர் பேச்சை நிறுத்திவிட்டார். பென்சில் போன் செய்தால் அக்கா எடுத்து, “குளிக்கிறார்” என்றாள். மனிதர் நாள் முழுக்கக் குளித்துக்கொண்டே இருந்தார்.

அக்கா வீட்டுத் தெருவில் ஒரு மருந்துக் கடைக்குப் பலகை அளவெடுக்கப் போகவேண்டி வந்தது. வேலை நாள், முற்பகல். அளவெடுத்துவிட்டு, அத்தான் இல்லாத நேரத்தில் அக்காவிடம் பேசிப் பார்க்கலாம் என்று பென்சில் மாடி ஏறினான்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. அக்கா ஜன்னல் திரைச்சீலைகள் தைத்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கும் நடையில்தான் தையல் மெஷின் கிடந்தது. பகலிலும் அங்கே ட்யூப் லைட் எரியும். குளியலறைக்கு யாராவது போனால் அவள் எழுந்து ஸ்டூலைத் தள்ளி வழி விட வேண்டும். பென்சில் போனபோது மெஷின் ஓடவில்லை. மடியில் நீலத் துணி மலைபோலக் கிடக்க, அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வெடிச் சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் ஒன்று.

அந்தச் சத்தம் அவன் செய்தது. மரப்பலகையை சிமென்ட் தரையில் அடித்து அவனே பதிவு செய்திருந்தான்.

“நீயும் ஆடுறியாக்கா?” என்று கேட்டபடி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். தொப்பி பறந்தது, கைகள் மேலே போயின, அத்தான் மண்டியிட்டார். அக்கா அடுத்த கட்டத்துக்குப் போகாமல் மறுபடி மூன்றாவதையே தொட்டாள். அத்தான் எழுந்து நின்றார். சுட்டாள்.

“அடுத்தது போகலையா?”

“எதுக்கு?”

“ஆறு பேர் இருக்காங்கக்கா.”

“எனக்கு இவர் போதும்.”

பென்சில் துணியை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். சிரிப்பதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

“சண்டையா?”

“அவர்கூட யாரு சண்டை போட முடியும்? சண்டைக்கு ரெண்டு பேர் பேசணும்.” அவள் போனைத் துணிமேல் வைத்தாள். “மெஷின ஹால் ஜன்னல் பக்கத்துல போடலாம்னு எத்தனை தடவ கேட்டிருப்பேன். வீடு ஃபேக்டரி மாதிரி ஆயிடும்னார். முடிஞ்சுது. இந்த வெளிச்சத்துல கறுப்புத் துணியில கறுப்பு நூல் கோத்துப் பாரு, தெரியும். நீ வரைஞ்சதுல ஒண்ணு பிடிச்சுது எனக்கு. கையத் தூக்குறார் பாரு. கல்யாணம் ஆன நாளா அதை நான் பார்த்ததே இல்லை.”

“அவர் மூணு குண்டு கேக்குறார்.”

“கேப்பார். குடுத்துடாதே. அடுப்புல ஒண்ண வச்சுட்டு வந்து ஒரு தடவை சுட்டுட்டுப் போறேன். மூணுன்னா யாருக்கு நேரம்?”

அன்று மாலை பென்சில் எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டினான். ஒன்றை மூன்றாக்குவது ஒரு எண்ணை மாற்றும் வேலை. மாற்றினால் அக்காவுக்கு வருத்தம், மாற்றாவிட்டால் அத்தான் முகத்தில் விழிக்க முடியாது. மனைவி ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டபடி கேட்டாள்.

“கைதானே அண்ணிக்கு வேணும்? மூணு குண்டு குடுங்க. கை முதல் குண்டுலயே மேல போகட்டும்.”

“கையத் தூக்கினவரை இன்னும் ரெண்டு தடவ சுடுறதா? ஆடுறவங்களுக்குப் பாவமா இருக்கும்டி.”

“அப்ப மறுபடி கீழே இறக்கிட்டுத் துப்பாக்கிய எடுக்கட்டும். உங்க அத்தான் ஒத்துக்கிட்டாலும் உடனே மனசு மாறிடுவார்ல?”

அப்படியே செய்தான். குதிரைத் திருடன் முதல் குண்டில் கையைத் தூக்கினான், தொப்பியின் விளிம்பைத் தொட்டான், மனம் மாறித் துப்பாக்கிக்குப் போனான். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில்தான் தொப்பி பறந்து மண்டியிட்டான். செய்தி தெரிந்ததும் சகலை போன் செய்து, அப்படியானால் தனக்கு ஐந்தாக்கச் சொன்னார். அத்தானோ குளித்து முடித்துவிட்டார். அவரே பென்சிலை அழைத்து, மனைவியோடு வீட்டுக்கு வரச் சொன்னார்.

போனபோது ஹாலில் அவர் கையில் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் வேர்வை.

“இவனை ஒண்ணும் பண்ண முடியல மச்சான். கேம்ல ஏதோ தப்பு இருக்கு.”

பென்சில் வாங்கி ஆடினான். அவனும் செத்தான். செய்தவனுக்கு ஆட வராது என்பது அவனுக்கு முன்பே தெரியும். அவன் மனைவி ஆடி, அவளும் செத்தாள். அத்தான் முகத்தில் திருப்தி பரவியது. தன்னை வீழ்த்தத் தன்னாலேயே முடியவில்லை என்பதில் அவருக்குப் பெருமைதான்.

அக்கா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் கேட்காமல் போனை வாங்கினாள். மூன்று வெடிச் சத்தம், மூச்சு விடும் இடைவெளியில். குதிரைத் திருடன் மண்டியிட்டான்.

“எங்க, இன்னொரு தடவ?” என்றார் அத்தான்.

நின்ற வாக்கிலேயே இன்னொரு முறை செய்தாள்.

“எப்படி?”

“அதுல என்ன இருக்கு? தொப்பியத் தொடுவீங்க. அந்தக் கை கீழ இறங்குறப்பவே சுட்டுடணும். அதுக்கு அப்புறம் விட்டா நீங்க நிறுத்தமாட்டீங்க.”

‘தொடுவான்’ என்றல்ல, ‘தொடுவீங்க’ என்றுதான் அவள் சொன்னாள். பென்சிலின் மனைவி கணவனைப் பார்த்தாள். அக்காவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். ஆனால் திருத்திக்கொள்ளவில்லை. போனை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள்.

அத்தான் தொண்டையைச் செருமினார். வழக்கமாக அதற்குப் பின்னால் ஒரு நீளமான பேச்சு வரும். இந்த முறை வரவில்லை.

“எத்தனை நாளா ஆடுறே?”

“வந்ததுலேருந்து.”

“மத்தவங்களையும்?”

“இல்ல. உங்களை மட்டும்தான்.”

அவர் திரையைப் பார்த்தார். ஆள் மண்டியிட்டுச் சாய்ந்து கிடந்தான். யாராவது தொடும்வரை அந்தப் படம் அப்படியே நிற்கும். அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பென்சிலிடம் பட்டறையில் வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று விசாரித்தார். அவன் மருந்துக் கடைப் பலகையைப் பற்றிச் சொன்னான். அதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. பிறகு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

அதற்கடுத்த வாரத்தில் ஒருநாள் அக்கா தைத்த திரைச்சீலைகளைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தபோது, தையல் மெஷின் ஹால் ஜன்னலுக்குக் கீழே இருந்தது. அத்தான் லீவு போட்டிருந்தார். பனியன் முழுக்க எண்ணெய்க் கறை. ஒரு கட்டைவிரல் நசுங்கி, ஈரத்துணி சுற்றியிருந்தது.

“வெளிச்சம் இங்கதான் நல்லா இருக்கு” என்றாராம். “நான் அப்பவே சொன்னேன்.”

அக்கா இதைப் போனில் சொல்லும்போது பின்னணியில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

“அப்பவே சொன்னாராமா? நீ சும்மா விட்டியா?” என்றான் பென்சில்.

“விடுவேனா? நீங்க எப்ப சொன்னீங்கன்னு கேட்டேன். நான் கேட்டதையும் அவர் சொன்ன பதிலையும் வரிசையா சொன்னேன். வாசல்ல நின்னே எல்லாத்தையும் சொன்னேன்டா, பை தோள்ல இருக்கும்போதே. கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம் அவரும் சத்தம் போட்டார். பக்கத்து வீட்டுல கதவைத் திறந்து பார்த்தாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, விரலுக்கு மருந்து போட்டுவிட்டேன்.”

இப்போது அத்தான் டிவியில் செய்தி பார்க்கும் நேரத்தில் அக்கா தைக்கிறாள். அவர் சத்தத்தைக் கூட்டுகிறார். அவள் தலைவலிக்கிறது என்கிறாள். அவர் குறைக்கிறார், பிறகு கூட்டுகிறார். தினமும் ஏதாவது ஒரு வாக்குவாதம் நடக்கிறது. ஒரு தடவை பென்சில் போனபோதே நடந்தது. இரண்டு பேரும் அவனை மத்தியஸ்தம் பண்ணச் சொன்னார்கள். வண்டி நோ பார்க்கிங்கில் நிற்கிறது என்று சொல்லிவிட்டு அவன் இறங்கி வந்துவிட்டான்.